தக்காளி டப்பாவும் பூக்காரப் பெண்ணும்: கார்புரேட்டரைக் கண்டுபிடித்தவர் யார்?



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளியில் நடந்த அறிவியல் வினாடி வினாப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். இறுதிச் சுற்றில் இரண்டு அணிகள் சமமான மதிப்பெண்ணில் நின்றன. கடைசிக் கேள்வியை அட்டையிலிருந்து நானே படித்தேன். "கார்புரேட்டரைக் கண்டுபிடித்தவர் யார்?"

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சட்டென்று மணியை அடித்தாள். "டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா. இருவரும் ஹங்கேரி நாட்டவர்கள்" என்றாள். அட்டையின் பின்புறத்தில் 'வில்ஹெல்ம் மேபாக், ஜெர்மனி' என்று அச்சாகியிருந்தது. "தவறு" என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பு அடுத்த அணிக்குப் போயிற்று. அவர்கள் மேபாக் என்றார்கள். கோப்பையும் அவர்களுக்கே போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு அந்த மாணவி ஒரு நூலகப் புத்தகத்துடன் வந்து நின்றாள். "அட்டையில இருக்கிறதுதான் தப்பு சார். இதுல பாருங்க" என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள். பாங்கியும் சோங்காவும் தங்கள் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரியது 1893 பிப்ரவரி 11. மேபாக்கின் காப்புரிமை அதே ஆண்டு ஆகஸ்டு 17. ஆறு மாதம் முந்தியவர்களின் பெயரைச் சரியாகச் சொன்ன பெண்ணுக்கு நான் 'தவறு' என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிடைத்த புத்தகங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஒரு விந்தை புலப்பட்டது. மேபாக் என்ற விடையும் போதவில்லை. பாங்கி, சோங்கா என்ற விடையும் முழுமையாக இல்லை. கேள்வியே கோளாறானது! அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கார்புரேட்டரின் வேலை என்ன?

பெட்ரோல் எந்திரத்தின் உருளைக்குள் பெட்ரோலை அப்படியே ஊற்றினால் எந்திரம் ஓடாது. திரவ நிலையில் உள்ள பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் காற்றுடன் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். காற்றும் ஆவியும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் ஆவியின் பங்கு கன அளவில் சுமார் 1.4 விழுக்காட்டிற்குக் குறைந்தால் தீப்பொறி பட்டாலும் பற்றாது. சுமார் 7.6 விழுக்காட்டைத் தாண்டினாலும் பற்றாது. இந்தக் குறுகிய எல்லைக்குள் கலவையைப் பிடித்து நிறுத்துவதே கார்புரேட்டரின் வேலை.

எடைக் கணக்கில் சொன்னால், 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதை எரிக்க ஏறக்குறைய 10.9 கிலோகிராம் காற்று வேண்டும். 1 கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம். ஆகவே தேவைப்படும் காற்று 9 கன மீட்டர், அதாவது 9,000 லிட்டர்! 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறை நிறையக் காற்றையும், ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலையும் ஒரே சீராகக் கலக்க வேண்டும். அதுவும் ஓடுகிற வண்டியில், மேட்டிலும் பள்ளத்திலும், வெயிலிலும் பனியிலும். இது எளிய வேலையா?

இந்த வேலையை ஒரே நாளில் ஒரே மனிதர் செய்து முடிக்கவில்லை. அதனால்தான் இத்தனை வழக்குகள், இத்தனை கதைகள்.

பரப்பிலிருந்து எழுந்த ஆவி

முதலில் எல்லோருக்கும் தோன்றிய வழி மிக எளிமையானது. ஒரு பாத்திரத்தில் பெட்ரோலை ஊற்றி வைத்து, எந்திரம் இழுக்கும் காற்றை அதன் பரப்பின் மேலாகவோ ஊடாகவோ செலுத்தினால், போகிற போக்கில் காற்று ஆவியையும் அள்ளிக்கொண்டு போகும். ஈரத் துணி காற்றில் உலர்வது போலத்தான். இதைப் பரப்புக் கார்புரேட்டர் என்பார்கள். ஒரு திரவத்தின் ஆவியைக் காற்றுடன் கலந்து எந்திரத்தை இயக்கலாம் என்ற எண்ணம் இன்னும் பழையது. அமெரிக்கரான சாமுவேல் மோரி, டர்பன்டைன் ஆவியால் இயங்கும் எந்திரத்துக்கு 1826-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மோட்டார் சைக்கிள் பிறப்பதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பு!

1885-இல் ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்ற ஊரில், காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டம் பொருத்திய ஓர் இருசக்கர வண்டியை உருவாக்கினார்கள். அதன் எந்திரம் 264 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் அரைக் குதிரைத் திறனும் கொண்டது. வேகம் மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். சைக்கிளில் போகும் நீங்களே அதை முந்திவிடலாம். அதில் இருந்ததும் பரப்புக் கார்புரேட்டர்தான்.

இந்த வண்டியைச் சுற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. டைம்லர் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டகையில் இருவரும் இரவு பகலாக அடைந்து கிடந்ததைப் பார்த்த தோட்டக்காரர், கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று காவல்துறையிடம் சொல்லிவிட்டாராம். காவலர்கள் கதவைத் திறந்து பார்த்தபோது அங்கே இருந்தவை எந்திரங்களும் கருவிகளும்தானாம்! வெள்ளோட்டத்தின்போது எந்திரத்தின் சூட்டில் இருக்கை தீப்பற்றிக்கொண்டது என்பது இன்னொரு கதை. வண்டியை முதலில் ஓட்டியவர் யார் என்பதிலும் ஒரு வழக்கு உண்டு. 1885 நவம்பரில் கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டுர்க்ஹைம் வரை 3 கிலோமீட்டர் ஓட்டியவர் மேபாக் என்பார் ஒரு சாரார். இல்லை, டைம்லரின் மகன் பால்தான் என்பார் மறு சாரார். மூல வண்டியையாவது பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1903-இல் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீவிபத்தில் அது எரிந்துபோயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் நிற்பவை அதைப் பார்த்துச் செய்த படிகளே.

1894-இல் மியூனிக் நகரில் ஹில்டிபிராண்ட், வொல்ஃப்முல்லர் ஆகியோர் விற்பனைக்கென்று தயாரித்த முதல் மோட்டார் சைக்கிளிலும் பரப்புக் கார்புரேட்டரே இருந்தது. பாரிஸ் அருகே தே தியோன், பூத்தோன் தயாரித்த முச்சக்கர மோட்டார் வண்டிகளிலும் அதுவே.

இதில் என்ன குறை? உங்கள் இயற்பியல் பாடத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஆவியாகும் திரவம் தன் உள்ளுறை வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆவியாக ஆவியாகப் பெட்ரோல் குளிர்கிறது. குளிரக் குளிர ஆவியாதல் குறைகிறது. கலவை நீர்த்துப் போகிறது. இது முதல் குறை. பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. இலேசானதும் கனமானதுமான பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. இலேசானவை முதலில் பறந்துவிடும். அடியில் தங்கிய கனமான பகுதி எளிதில் ஆவியாகாது. இது இரண்டாவது குறை. சாலைக் குழிகளில் வண்டி குலுங்கும்போது பெட்ரோல் தளும்பும். பரப்பு கூடும், கலவையும் மாறும். இது மூன்றாவது குறை. அந்தக் கால ஓட்டுநர் நெம்புகோலை ஓயாமல் திருகிக் காற்றின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வர வேண்டியிருந்தது. சாலையைப் பார்ப்பதா, நெம்புகோலைப் பார்ப்பதா?

தக்காளி டப்பாவுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

இப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போவோம். நியூயார்க் மாநிலத்தில் ஹேமண்ட்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் கிளென் கர்ட்டிஸ் என்ற இளைஞர் சைக்கிள் கடை வைத்திருந்தார். 1901-இல் அவருக்குச் சைக்கிளில் எந்திரம் பூட்டும் ஆசை வந்தது. பஃபலோ நகர நிறுவனம் ஒன்றிலிருந்து எந்திரத்தின் வார்ப்புப் பாகங்களை வரவழைத்தார். கார்புரேட்டர் வரவில்லை. என்ன செய்வது? சமையலறையில் கிடந்த காலித் தக்காளி டப்பாவை எடுத்து, அதற்குள் கம்பி வலையை வைத்துக் கார்புரேட்டர் செய்துவிட்டார் என்பது அவருடைய வாழ்க்கைக் கதைகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி.

அந்த வண்டி ஓடியது. நிறுத்தத்தான் வழி தெரியாமல் மரத்தில் மோதினார் என்று கதையின் வால் நீளும். இதே கர்ட்டிஸ்தான் 1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஓர்மண்ட் கடற்கரையில், 8 உருளைகள் கொண்ட மோட்டார் சைக்கிளில் மணிக்கு சுமார் 219 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவர். பின்னர் விமானத் துறையிலும் பெரும் புகழ் பெற்றார்.

இனி மில்வாக்கி நகரத்துக்கு வாருங்கள். வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன் என்ற இரு நண்பர்கள் அங்கே ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்க முனைந்தார்கள். 1901-இல் வரைந்த முதல் எந்திரம் சுமார் 116 கன சென்டிமீட்டர் அளவே கொண்டது. மேடுகளில் ஏறத் திணறியது. பிறகு சுமார் 405 கன சென்டிமீட்டர் அளவில் பெரிய எந்திரம் செய்தார்கள். 1903 என்ற ஆண்டே ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் பிறந்த ஆண்டாகக் கொண்டாடப்படுகிறது. இவர்களுடைய முதல் கார்புரேட்டர் எதனால் ஆனது தெரியுமா? தக்காளி டப்பாவால்! அப்படித்தான் வழிவழியாகச் சொல்கிறார்கள். பின்னாளில் படகு எந்திரங்களால் புகழ்பெற்ற ஓலே எவின்ரூட் அதே ஊர்க்காரர். கார்புரேட்டர் சிக்கலைத் தீர்க்க அவர் உதவினார் என்பதும் கதையின் ஒரு பகுதி.

ஒரே டப்பா, இரண்டு சொந்தக்காரர்கள். அப்படியானால் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்தாரா? அல்லது ஒருவருடைய கதை மற்றவருக்கு ஒட்டிக்கொண்டதா?

அவசரப்படாமல் யோசித்துப் பாருங்கள். அக்காலத்து அமெரிக்கச் சமையலறைகளில் டப்பாவில் அடைத்த உணவு சாதாரணப் பொருள். மெல்லிய தகடு, நீர் கசியாமல் பற்றவைக்கப்பட்டது, கத்தரிக்கோலால் வெட்டலாம், ஈயம் வைத்து எளிதில் ஒட்டலாம். கொல்லைப்புறத்தில் எந்திரம் செய்யும் எவர் கையும் முதலில் அதைத்தான் தேடிப் போகும். நம் ஊரில் பழைய பால்மாவு டப்பாவில் எத்தனை கருவிகள் செய்கிறோம்! ஆகவே இரண்டு கதைகளும் மெய்யாக இருக்கக் கூடும். கதைகள் ஒத்திருக்கின்றன என்பதாலேயே ஒன்று பொய் என்று தள்ளிவிட முடியாது. அதே போல, கேட்க இனிமையாக இருக்கிறது என்பதாலேயே ஒன்றை மெய் என்று கொள்ளவும் முடியாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் எளிய தொடக்கத்தைச் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். தக்காளி டப்பா அதற்கு மிகவும் பொருத்தமான சின்னம்.

இங்கே நமக்கு உதவுவது இயற்பியல்தான். 'டப்பாவுக்குள் கம்பி வலை' என்ற விவரத்தைக் கவனியுங்கள். வலையின் நுண்ணிய இடைவெளிகளில் பெட்ரோல் தானாக மேலேறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்பீர்களே, அதுவேதான். நனைந்த வலை காற்றுக்குப் பெரும் பரப்பைக் காட்டுகிறது. பரப்பு பெருகினால் ஆவியாதலும் பெருகும். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியியலாளர் இதே தத்துவத்தில் திரிக் கார்புரேட்டரை அமைத்துத் தம் கார்களை ஓட்டிக்காட்டினார். ஆகவே டப்பாக் கார்புரேட்டர் வேலை செய்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 'நடந்திருக்க முடியுமா?' என்ற கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லிவிட்டது. 'நடந்ததா?' என்பது வேறு கேள்வி. அதற்குப் பழைய கடிதமோ படமோ பொருளோதான் விடை சொல்ல வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பூக்காரப் பெண்ணின் ஊதுகுழல்

அடுத்த கதை புடாபெஸ்ட் நகரத்தது. டோனாட் பாங்கி பொறியியல் அறிஞர். யானோஷ் சோங்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பணிமனையின் தலைவர். இருவரும் சேர்ந்து எந்திர ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார்கள். ஒருநாள் மாலை வீடு திரும்பும் வழியில் பாங்கி ஒரு பூக்காரப் பெண்ணைப் பார்த்தாராம். அவள் ஒரு குழலை வாயில் வைத்து ஊதி, பூக்களின் மேல் நீரைப் பனித்துளி போலத் தூவிக்கொண்டிருந்தாளாம். 'பெட்ரோலை ஏன் ஆவியாக்கப் பாடுபட வேண்டும்? இப்படித் தூவிவிட்டால் போதுமே!' என்று அவருக்குப் பளிச்சென்று தோன்றியதாம்.

நியூட்டனின் ஆப்பிள், ஆர்க்கிமிடீசின் குளியல் தொட்டி ஆகியவற்றின் வரிசையில் இந்தப் பூக்காரப் பெண்ணையும் வைக்கலாம். கதை மெய்யோ பொய்யோ, அது காட்டும் இயற்பியல் முற்றிலும் சரி.

குழாயில் காற்று ஓடுகிறது. வழியில் குழாயைக் குறுக்கினால், அதே அளவு காற்று சிறிய இடைவெளி வழியே போக வேண்டியிருப்பதால் அங்கே வேகம் கூடுகிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. இது டேனியல் பெர்னோலி 1738-இல் வெளியிட்ட நூலின் வழி வந்த கருத்து. குறுகிய குழாயில் நிகழ்வதை இத்தாலியரான வெஞ்சுரி 1797-இல் விளக்கினார். அந்தக் குறுகலான இடத்தில் ஒரு நுண்துளைக் குழலை நிறுத்தினால், வெளிக்காற்றின் அழுத்தம் பெட்ரோலை மேலே தள்ளும். வேகமாகப் பாயும் காற்று அதைச் சிதறடித்துத் துளித்துளியாக்கும்.

அழுத்தம் எவ்வளவு குறையும்? காற்றின் வேகம் வினாடிக்கு 60 மீட்டர் என்று கொள்வோம். அரை × 1.2 × 60 × 60 = 2,160 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இது 2 விழுக்காடுதான். ஆனால் இதுவே பெட்ரோலை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம் ஏற்றப் போதும்! எந்திரம் வேகமாக ஓடினால் காற்றும் அதிகம் பாயும். பெட்ரோலும் அதிகம் வரும். கலவை ஏறக்குறையத் தானே சரிப்பட்டுக்கொள்ளும். பரப்புக் கார்புரேட்டருக்கு இல்லாத திறமை இது.

ஆனால் ஒரு நிபந்தனை. நுண்துளையின் வாய்க்குச் சற்றுக் கீழே பெட்ரோல் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மட்டம் ஏறினால் வழியும்; இறங்கினால் போதிய அளவு வராது. இதற்கு மிதவை உதவுகிறது. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி ஊசி வால்வைத் திறக்கும். நிறைந்தால் ஏறி மூடும். மேல்நிலைத் தொட்டியில் நீர் நிரம்பியதும் குழாயை மூடுகிற பந்தைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடுதான்.

மேபாக்கும் இதே 1893-இல் நுண்துளை வழியே தூவும் கார்புரேட்டரை அமைத்தார். அப்போது அவர் கான்ஸ்டாட்டில் ஒரு பழைய விடுதிக் கட்டடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். டைம்லர் எந்திரங்களின் வழியே உலகெங்கும் பரவியது அவருடைய அமைப்பே. அதனால்தான் வினாடி வினா அட்டையில் அவர் பெயர் ஏறியது. முந்தியவர்கள் ஹங்கேரியர்கள்; பரப்பியவர் ஜெர்மானியர்.

இதோடு முடியவில்லை. இங்கிலாந்தில் எட்வர்ட் பட்லர் என்பவர் 1884-இலேயே ஒரு முச்சக்கர மோட்டார் சைக்கிளின் வரைபடங்களை லண்டன் கண்காட்சியில் வைத்தார். 1888-இல் அதைச் செய்தும் முடித்தார். அதில் மிதவையுடன் கூடிய கார்புரேட்டர் இருந்தது! ஆனால் அன்றைய ஆங்கிலச் சட்டம் இத்தகைய வண்டிகள் நகருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றது. நடப்பவரை விட மெதுவாகப் போகும் வண்டியை யார் வாங்குவார்கள்? பணம் போட யாரும் முன்வரவில்லை. மனம் வெறுத்த பட்லர் கடைசியில் தம் வண்டியை உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டார். இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் என்ரிகோ பெர்னார்டி 1882-இல் ஒரு சிறு பெட்ரோல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, அதற்குத் தம் மகள் பியாவின் பெயரைச் சூட்டினார். அது அவளுடைய தையல் எந்திரத்தை ஓட்டியது. பின்னர் சைக்கிளைத் தள்ளும் எந்திரமும் செய்தார். இத்தாலிய நூல்கள் அவரைத்தான் முன்னிறுத்துகின்றன.

ஆணையிட்டு அழித்த பெயர்

இதுவரை சொன்னவை சுவையான வழக்குகள். இனிச் சொல்லப்போவது வேதனையானது.

வியன்னா நகரில் ஸீக்ஃபிரீட் மார்க்கஸ் என்ற கண்டுபிடிப்பாளர் வாழ்ந்தார். காற்றுடன் பெட்ரோலிய ஆவியைக் கலக்கும் கருவிக்கு 1860-களிலேயே உரிமம் பெற்றவர். அவருடைய மோட்டார் வண்டியில் வேடிக்கையான ஒரு கார்புரேட்டர் உண்டு. சுழலும் தூரிகை ஒன்று பெட்ரோலில் தோய்ந்து, துளிகளைக் காற்றில் தெறிக்கவிடும். பல் துலக்கும் தூரிகையை விரலால் வருடினால் நீர் தெறிக்கிறதே, அதைப்போல. அந்த வண்டி 1875-இல் செய்யப்பட்டது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பென்ஸுக்கும் டைம்லருக்கும் 10 ஆண்டுகள் முந்தியவர் என்று ஆஸ்திரியர்கள் அவருக்குச் சிலை வைத்துப் போற்றினார்கள்.

மார்க்கஸ் யூதர். 1938-இல் ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போயிற்று. சிலை அகற்றப்பட்டது. 1940 ஜூலையில் ஜெர்மன் பிரசார அமைச்சகம் ஒரு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியது. இனிக் கலைக்களஞ்சியங்களில் மோட்டார் வண்டியைப் படைத்தவர்களாக மார்க்கஸைக் குறிப்பிடக் கூடாது; டைம்லரையும் பென்ஸையுமே குறிப்பிட வேண்டும் என்பது ஆணை. ஆராய்ச்சியால் அல்ல, சான்றால் அல்ல, பிறப்பின் பெயரால் ஒரு மனிதருடைய உழைப்பு புத்தகத்திலிருந்து அழிக்கப்பட்டது.

போர் முடிந்த பின் சிலை மீண்டும் நிறுவப்பட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் நாமும் 'நீதி வென்றது' என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் தொழிற்சாலை ஆவணங்களைத் துருவிப் பார்த்தார்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் வண்டி 1875-ஐச் சேர்ந்ததன்று, 1888-89-இல் மொராவியாவில் ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று தெரிய வந்தது. அதாவது பென்ஸ் காப்புரிமை கோரிய 1886 ஜனவரிக்குப் பிற்பட்டது!

மார்க்கஸுக்கு இழைக்கப்பட்டது பெருங்கொடுமை. அதற்காக, அவர் வண்டிக்குத் தவறான ஆண்டைக் கொடுத்து ஈடுசெய்ய முடியுமா? முடியாது. கொடுமையைக் கொடுமை என்று சொல்ல வேண்டும். ஆண்டையும் சரியாகச் சொல்ல வேண்டும். நாஜிகளின் ஆணை பொய்யானது, ஏனெனில் அது சான்றைப் பார்க்கவே இல்லை. 1875 என்ற ஆண்டு திருத்தப்பட்டது, ஏனெனில் சான்றைப் பார்த்தார்கள். இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். திருத்திய பிறகும் மார்க்கஸ் சிறியவர் ஆகிவிடவில்லை. 1860-களின் உரிமமும், அந்தத் தூரிகையும் அவருடையவைதாம்.

அப்படியானால் விடை?

எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்ப்போம். திரவ எரிபொருளின் ஆவியால் எந்திரத்தை இயக்கும் எண்ணத்துக்கு 1826-இல் மோரி. கலக்கும் கருவிக்கு 1860-களில் மார்க்கஸ். இருசக்கர வண்டியில் பரப்புக் கார்புரேட்டரை வைத்து ஓட்டியதற்கு 1885-இல் டைம்லரும் மேபாக்கும். மிதவை வைத்த முச்சக்கர வண்டிக்கு 1888-இல் பட்லர். மட்டம் மாறாமல் நுண்துளை வழியே தூவும் கார்புரேட்டரின் காப்புரிமைக்கு 1893 பிப்ரவரியில் பாங்கியும் சோங்காவும். அதே ஆண்டு ஆகஸ்டில் அதைச் செய்து, பின்னர் உலகெங்கும் கொண்டு சென்றதற்கு மேபாக்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடை இருக்கிறது. 'கண்டுபிடித்தவர் யார்?' என்று மொட்டையாகக் கேட்டால்தான் விடை நழுவுகிறது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பிறகு புதிய இருசக்கர வண்டிகள் பெரும்பாலும் மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் அமைப்புக்கு மாறிவிட்டன. உங்கள் அப்பாவோ தாத்தாவோ பழைய வண்டி வைத்திருந்தால், மெக்கானிக் கடையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது அருகில் நின்று பாருங்கள். குறுகிய தொண்டை, ஊசி, மிதவை, நுண்துளை அத்தனையும் தெரியும். இன்னும் சில ஆண்டுகளில் இந்தக் காட்சி அரிதாகிவிடும்.

செய்து பாருங்கள்

பூக்காரப் பெண்ணின் கருவியை நீங்களே செய்யலாம். ஒரு டம்ளரில் விளிம்புக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கீழே வரை நீர் ஊற்றுங்கள். ஓர் உறிஞ்சுகுழலை அதில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல்முனை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டம்ளரின் விளிம்பையொட்டி இருக்கட்டும். இன்னொரு குழலைக் கிடையாகப் பிடித்து, செங்குத்துக் குழலின் வாய்க்கு நேராக வேகமாக ஊதுங்கள். நீர் மேலேறித் தூறலாகப் பறக்கும். பிறகு நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மீண்டும் ஊதிப் பாருங்கள். மிதவை எதற்கு என்பது உடனே விளங்கிவிடும். நீரை மட்டுமே பயன்படுத்துங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் இந்தச் சோதனைக்குத் தொடவே கூடாது.

முடிக்கும் முன் அந்த மாணவியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தேடிப் படித்து முடித்ததும் அவளுடைய பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். "உங்கள் மாணவி சொன்ன விடைக்குச் சான்று இருக்கிறது. நான் சொன்ன தீர்ப்பு தவறு" என்று ஒப்புக்கொண்டேன். போன கோப்பையைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. சில நாட்களில் அவளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "நன்றி சார். அப்படியானால் கேள்வியை எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இப்போது நான் நடுவராகப் போகும் இடங்களில் அந்த அட்டையைத் திருத்தி இப்படிப் படிக்கிறேன்: "மிதவையால் மட்டம் காத்து, நுண்துளை வழியே பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டருக்கு 1893-இல் காப்புரிமை கோரியவர்களில் முந்தியவர்கள் யார்?" கேள்வி சற்று நீளம்தான். ஆனால் சரியான விடை சொல்லும் பிள்ளையை இனி நான் 'தவறு' என்று உட்கார வைக்க மாட்டேன்.

உங்கள் பாடநூலிலும் பொது அறிவு நூலிலும் 'கண்டுபிடித்தவர் யார்?' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஏதாவது ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில், என்ன சான்று என்ற மூன்று கேள்விகளையும் அதன்முன் வையுங்கள். நூலகத்தில் ஒரு மாலைப் பொழுது போதும். நீங்கள் கண்டதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவரும் உங்களுடன் சேர்ந்து தேடத் தொடங்கினால் இன்னும் நல்லது.